மெருகு வேறு, மூலம் வேறு

பழைய திரைப்படங்களை வீட்டில் வைத்துப் பார்க்கும் ரசிகர்கள் அவற்றின் பிம்பத் தரத்தை எந்த அளவுகோலால் அளப்பது?

1941ஆம் ஆண்டில் ஆர்சன் வெல்ஸ் இயக்கி நடித்த 'சிட்டிசன் கேன்' படத்தில், காலஞ்சென்ற பத்திரிகை அதிபர் ஒருவரின் வாழ்க்கை ரகசியத்தைத் தேடிப் புறப்பட்ட நிருபர், அவருடைய நெடுநாளைய காரியஸ்தரான பெர்ன்ஸ்டைனை அலுவலகத்தில் சந்தித்து உரையாடும் காட்சி ஒன்று உண்டு. முதுமையெய்திய பெர்ன்ஸ்டைன் பழைய நினைவுகளில் ஆழ்ந்து பேசிக்கொண்டே போக, அவருக்குப் பின்னால் உயர்ந்த ஜன்னலுக்கு அப்பால் மழை பெய்துகொண்டே இருக்கும். அறுபது ஆண்டுகள் இடைவிடாது பெய்த அந்த மழை, 2001ஆம் ஆண்டில் வெளியான டி.வி.டி. பதிப்பில் நின்றுபோயிற்று. படத்திலுள்ள தூசியையும் கீறலையும் அகற்றுவதற்காக ஏவப்பட்ட கணினி, மழைத்துளிகளையும் தூசியென்றே நிச்சயித்துத் துடைத்துவிட்டதுதான் காரணம்.

கணினியின் நியாயத்தை அறிந்தால் அதன்மேல் கோபம் கொள்ள இடமிராது. ஃபிலிமின் ஒரு சட்டத்தில் (ஃபிரேமில்) தென்பட்டு, அதற்கு முந்திய சட்டத்திலும் பிந்திய சட்டத்திலும் அதே இடத்தில் தென்படாத எதையும் அழுக்கு என்று கொள்ளும்படி அதற்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. தூசியின் லட்சணமும் அதுவே, மழைத்துளியின் லட்சணமும் அதுவே. பத்தாண்டுகள் கழித்து, 2011இல் வந்த புளூ-ரே பதிப்பில் மழை மீண்டும் பெய்யத் தொடங்கியது. ஆனால் இடைப்பட்ட காலத்தில் அந்த டி.வி.டி.யை வாங்கிப் பார்த்தவர்களில் மிகப் பலர், புள்ளியும் கீறலும் இன்றிப் பளிச்சென்றிருந்த பிம்பத்தைக் கண்டு, இதைவிட நல்ல பிரதி இருக்க முடியாதென்று திருப்தியடைந்திருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை. பழைய படங்களின் தரத்தைப் பற்றிய விசாரணை இந்த இடத்தில்தான் தொடங்க வேண்டும். பளிச்சென்று இருப்பது ஒரு குணம். ஒளிப்பதிவாளர் பதித்தது பதித்தபடி இருப்பது வேறொரு குணம். இரண்டும் ஒரே வட்டில் எப்போதும் கூடியிருப்பதில்லை.

வெள்ளியில் எழுதிய சித்திரம்

ஃபிலிம் சுருளின்மேல் ஜெலட்டினில் கலந்து பூசப்பட்ட வெள்ளி உப்பின் நுண்ணிய படிகங்களில் ஒளி விழுந்து, ரசாயனத்தில் கழுவப்பட்டபின், கறுப்பு வெள்ளைப் படமாயின் வெள்ளித் துகள்களாகவும், வண்ணப் படமாயின் அத்துகள்கள் இருந்த இடங்களில் தங்கிய சாயப் பொட்டுகளாகவும் நிலைபெறுவதே நாம் திரையில் காணும் உருவமாகும். ஒளிப்பதிவாளர்கள் 'கிரெயின்' என்று குறிப்பிடுவது இந்தத் துகள்களின் அமைப்பைத்தான். ஒவ்வொரு சட்டத்திலும் அவை வெவ்வேறு விதமாகச் சிதறிக் கிடப்பதால், விநாடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஓடும்போது பிம்பம் முழுவதிலும் மெல்லிய சலசலப்பு ஒன்று தோன்றுகிறது. நெடுநாள் தொலைக்காட்சியை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது குறைபாடாகப் படலாம். ஆனால் அந்தத் துகள்களை நீக்கினால் எஞ்சி நிற்பதற்குப் படம் என்று ஒன்று இல்லை. முகமும் முடியும் புடவையின் நெசவும் அவற்றால்தான் ஆகியிருக்கின்றன.

இன்னொரு விஷயமும் இங்கே அறியத்தக்கது. காமிராவினுள் ஓடிய நெகடிவ் நேரே திரையரங்குக்குப் போவதில்லை. அதிலிருந்து ஒரு மாஸ்டர் பாசிடிவ், அதிலிருந்து ஒரு டூப் நெகடிவ், அதிலிருந்து திரையரங்குப் பிரிண்டுகள் என்று தலைமுறை தலைமுறையாகப் படம் இறங்கி வருகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் நுட்பம் சிறிது குறைகிறது, துகள் சிறிது பருக்கிறது, வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையேயுள்ள சாயல்கள் சிறிது மறைகின்றன. ஆகவே ஒரு வட்டின் தரத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லப் புகுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எத்தனை புள்ளிகளால் (பிக்ஸல்களால்) ஆனது என்பது அன்று. எந்தத் தலைமுறையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதே.

புள்ளிக் கணக்கு

புள்ளிக் கணக்குக்கு மதிப்பே இல்லையென்று இதனால் கொள்ளலாகாது. தமிழ்நாட்டில் வீதிக்கு வீதி விற்ற வி.சி.டி.யின் சட்டமொன்றில் சுமார் ஒரு லட்சம் புள்ளிகள் இருந்தன, டி.வி.டி.யில் அது நான்கு லட்சத்தைத் தாண்டியது. 2006இல் வந்த புளூ-ரேயில் இருபது லட்சத்துக்கு மேலாயிற்று. 2016 முதல் கிடைக்கும் 4கே புளூ-ரேயில் எண்பத்து மூன்று லட்சத்தை நெருங்கியிருக்கிறது. 35 மில்லிமீட்டர் நெகடிவில் உள்ள நுட்பங்களைப் பெருமளவு ஏந்திக்கொள்ளக்கூடிய பாத்திரம் இப்போதுதான் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

பாத்திரம் பெரிதாயிற்றே தவிர, அதில் எதை ஊற்றுகிறார்கள் என்பது வியாபாரியின் மனத்தைப் பொறுத்தது. நம் கடைகளில் 'மூன்று படம், ஒரே டி.வி.டி.' என்று விற்ற வட்டுகளை எண்ணிப் பாருங்கள். ஓரடுக்கு டி.வி.டி.யின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட், இரண்டரை மணி நேரப் படங்கள் மூன்றை அதில் அடைத்தால், ஒலியையும் சேர்த்து விநாடிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1.4 மெகாபிட். வி.சி.டி.யில் படத்துக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட அளவு விநாடிக்கு 1.15 மெகாபிட். நான்கு மடங்கு புள்ளிகளுக்கு அநேகமாக அதே தீனிதான் கிடைக்கிறது. இந்தப் பஞ்சத்தில் கணினி முதலில் கைவிடுவது நுண்ணிய அசைவுகளை. ஆதலால்தான் நாட்டியக் காட்சியிலும் யுத்தக் காட்சியிலும் ஓடும் நீரிலும் பிம்பம் சதுரம் சதுரமாக உடைந்து போகிறது. அட்டையில் டி.வி.டி. என்று அச்சிட்டிருந்ததைத் தவிர அந்த வட்டுக்கும் டி.வி.டி.க்கும் பாத்தியதை மிகவும் குறைவு.

துடைப்பதில் வரும் தோஷம்

துகள்கள் ஒழுங்கின்றிச் சிதறியிருப்பதால் அவற்றைச் சுருக்கிச் சேமிப்பது கணினிக்குப் பெரும் பாரம். அதனாலும், சாமான்ய ரசிகர் வழவழப்பையே விரும்புவார் என்ற அனுமானத்தாலும், சில பதிப்பாளர்கள் துகள்களையே துடைத்துவிடும் வழக்கத்தைக் கைக்கொண்டார்கள். 1970இல் வெளிவந்த 'பேட்டன்' சாதாரண ஃபிலிமைவிட ஏறக்குறைய இரட்டிப்பு அகலமுள்ள 65 மில்லிமீட்டர் நெகடிவில் பதிவான படம். நுட்பத்துக்குக் குறைவே இல்லாத மூலம். 2008இல் வந்த அதன் முதல் புளூ-ரேயைக் கண்டு பலர் பரவசப்பட்டார்கள். ஆனால் உற்றுப் பார்த்த நிபுணர்கள், முகங்களிலிருந்த ரோமக்கால்களும் சுருக்கங்களும் சீருடையின் நெசவும் துகளோடு துகளாகத் துடைக்கப்பட்டு, நடிகர்கள் மெழுகுப் பொம்மைகளைப் போல் நிற்பதைச் சுட்டிக்காட்டினார்கள். 2012இல் அதே நிறுவனம் புதிதாகப் பதிப்பித்து வெளியிட நேர்ந்தது.

நம் கோயில்களில் திருப்பணி என்ற பெயரால் மணலை வேகமாக வீசிக் கற்சுவர்களைச் சுத்தம் செய்த காலம் ஒன்று இருந்தது. சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் போயினவென்பது மெய். கூடவே உளியின் நுனி விட்டுச்சென்ற நகாசும், கல்வெட்டின் எழுத்தும் தேய்ந்துபோன பிறகுதான் அந்த முறை தடை செய்யப்பட்டது. துகள் துடைப்பும் அதே ஜாதியைச் சேர்ந்த சுத்தம்.

துடைத்ததனால் மங்கிப்போன பிம்பத்தை மீண்டும் கூர்மையுள்ளதுபோல் காட்டுவதற்காக, உருவங்களின் ஓரங்களில் செயற்கையான கோடு இழுப்பது இதன் அடுத்த படி. வெளிர்நிற வானத்துக்கு முன் நிற்கும் ஒரு கறுத்த மரத்தையோ, கோட்டு அணிந்த மனிதரின் தோளையோ கவனித்தால், விளிம்பை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு கூடவே வருவது தெரியும். லென்ஸும் ஃபிலிமும் அப்படியொரு கோட்டை ஒருபோதும் பதிப்பதில்லை. அதைக் கண்ட மாத்திரத்தில் அந்தப் பதிப்பின்மேல் அவநம்பிக்கை கொள்வது நியாயமே.

இதற்கெல்லாம் பொருள், பழைய படத்தைத் தொடாமலே விட்டுவிட வேண்டும் என்பதன்று. பிரிண்டின்மேல் புரொஜெக்டர் இழைத்த கீறல், சேமிப்பறையில் படிந்த தூசி, சுருங்கிய ஃபிலிம் உண்டாக்கும் ஆட்டம், வெளிச்சம் ஏறி இறங்கும் படபடப்பு ஆகிய யாவும் படம் பிறந்த பிறகு அதற்கு நேர்ந்த விபத்துகள். அவற்றை அகற்றுவது தர்மமே. படத்துடனேயே பிறந்ததை அகற்றுவதுதான் தகாதது. இந்த இரண்டையும் பிரித்தறியக் கணினியால் ஆகாது. சட்டம் சட்டமாகப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இருளுக்கும் ஓர் இடம் உண்டு

பிரகாசமாக இருப்பதெல்லாம் உயர்ந்தது என்ற நம்பிக்கை, துகள் துடைப்பைவிடவும் பரவலானது. 1972இல் வந்த 'காட்ஃபாதர்' படத்துக்கு ஒளியமைத்த கோர்டன் வில்லிஸ், கதாநாயகரின் கண்கள் நிழலில் ஆழ்ந்து கிடக்கும்படி மேலிருந்து விளக்கைத் தொங்கவிட்டவர். அந்த மனிதரின் உள்ளத்தில் என்ன ஓடுகிறதென்று நமக்குத் தெரியாமலிருப்பதே அவர் நாடிய பயன். அந்தப் படத்தின் நெகடிவ் அளவுக்கு மீறிப் பிரிண்ட் எடுத்ததனால் நைந்துபோயிருந்தது. 2008இல் செப்பனிடும் நிபுணர் ராபர்ட் ஹாரிஸ் அதைச் செப்பனிட்டபோது வில்லிஸின் ஆலோசனையைக் கேட்டே வெளிச்சத்தின் அளவை நிர்ணயித்தார். அந்தப் பதிப்பை முதன்முறை பார்ப்பவர் 'இருட்டாக இருக்கிறதே' என்று குறை சொன்னால், குறை பதிப்பினுடையதன்று.

நம் படங்களில் இதற்கு ஈடான சான்று வேண்டுமானால், எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரிப்பாக 1954இல் வெளிவந்த 'அந்த நாள்' இருக்கிறது. ஒரு கொலையைப் பற்றிப் பலர் பல விதமாகச் சொல்லும் கதை. பாட்டு ஒன்றும் கிடையாது. நிழலுக்குத்தான் அதில் பிரதான வேஷம். ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் அமைத்த அந்த நிழல்களில், முழுக் கறுப்புக்கும் வெளிச்சத்துக்கும் இடையில் படிப்படியாக எத்தனையோ சாம்பல் சாயல்கள் உண்டு. பல தலைமுறை இறங்கிய பிரிண்டிலிருந்து எடுத்த வட்டில் அந்தப் படிகள் மறைந்து, முகத்தின் ஒரு பாதி சுண்ணாம்பாகவும் மறு பாதி கரியாகவும் நிற்கும். அவசரமாகப் பிரகாசத்தைக் கூட்டிய பதிப்பிலோ நிழல் வெளுத்துச் சாம்பலாகி, மர்மமே கலைந்துபோகும். கறுப்பு வெள்ளைப் படத்தின் பரீட்சை அதன் இடைச் சாயல்களில்தான் இருக்கிறது. நல்ல பதிப்பில் கறுப்புக் கோட்டின் மடிப்பு தெரியும். வெள்ளை வேஷ்டியின் மடிப்பும் தெரியும்.

மென்மையும் அவ்வாறே காப்பாற்றத்தக்கது. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில் காசியின் பழைய வீட்டு முற்றத்தை அரங்கில் அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, விளக்கொளி அதில் பட்டுச் சிதறி இறங்கும்படி செய்தார். திறந்த முற்றத்தில் வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற வெளிச்சம் அவ்விதம் உண்டாயிற்று. ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேற்றுமை அதிகமாயிருந்தால் படம் எடுப்பாக இருக்குமென்று எண்ணிக் கறுப்பை ஆழமாக்கும் பதிப்பாளர், மித்ராவின் துணியை ஒரு விசையில் கிழித்துவிடுகிறார்.

சட்டத்தின் எல்லை

1950களின் நடுப்பகுதி வரை உலகெங்கும் பெரும்பாலான படங்கள், உயரம் ஒன்றானால் அகலம் 1.37 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டன. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' வந்ததே 1973இல்தான். இன்றைய தொலைக்காட்சிப் பெட்டியின் அகலமோ 1.78. ஆகவே பழைய படத்தை முறையாகக் காட்டினால் இரு புறமும் கறுப்புப் பட்டை நிற்கத்தான் செய்யும். அதைப் பொறாமல் பெட்டி முழுவதும் நிரம்ப வேண்டுமென்று கேட்பவர்களுக்காக, ஒன்று படத்தைப் பக்கவாட்டில் இழுத்து எல்லோரையும் பருமனாக்குகிறார்கள். அல்லது மேலும் கீழும் வெட்டி, உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கைப் பலி கொடுக்கிறார்கள். நாட்டியப் பெண்ணின் பாதங்கள் வெட்டுப்படுவது அதனால்தான். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் நிலாவொளிக்காக இன்றளவும் போற்றப்படும் 'மாயா பஜார்' தெலுங்குப் பதிப்பு, 2010இல் வண்ணமேற்றப்பட்டு அகன்ற திரைக்காக மாற்றப்பட்டது. அதை ரசித்தவர்கள் ஏராளம். ஆயினும் பார்ட்லி அமைத்த சட்டமும் சாயலும் கறுப்பு வெள்ளையில் உள்ள 1957ஆம் வருஷத்துப் படத்தில்தான் இருக்கின்றன என்பதை அவர்களும் மறுக்கமாட்டார்கள்.

வண்ணம் யாருடையது?

வண்ணப் படங்களின் விஷயம் இன்னும் சிக்கலானது. 1948இல் பவல், பிரஸ்பர்கர் இருவரும் இயக்கிய 'ரெட் ஷூஸ்' படத்தில் ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃப் பயன்படுத்திய டெக்னிகலர் காமிரா, உள்ளே வந்த ஒளியைப் பட்டகத்தால் பிரித்துச் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் தனித்தனி கறுப்பு வெள்ளை நெகடிவ்களில் பதித்தது. நெகடிவில் சாயமே இல்லாததால் வெளிறவும் ஒன்றுமில்லை. ஆனால் காலப்போக்கில் மூன்று சுருள்களும் வெவ்வேறு அளவில் சுருங்கியதால் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் உருவங்களின் ஓரத்தில் நிறக் கசிவு தோன்றிற்று, பூஞ்சையும் படர்ந்திருந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகமும், மார்ட்டின் ஸ்கார்செஸியின் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து மூன்று நெகடிவ்களையும் கணினியில் ஏற்றிப் பொருத்திச் செப்பனிட்ட பிரதி 2009இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அதிலிருந்து எடுத்த வட்டு, வண்ணப் படத்தின் பிம்பத் தரம் எத்தகையதாக இருக்கக்கூடும் என்பதற்கு இன்றும் உரைகல்லாக இருக்கிறது.

1950க்குப் பின் பரவிய ஒற்றைச் சுருள் வண்ண ஃபிலிமுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சாயம் நெகடிவிலேயே இருப்பதால் ஆண்டுகள் செல்லச் செல்ல அது வெளிறுகிறது; நீலமும் பச்சையும் மங்கி, முழுப் படமும் இளஞ்சிவப்பாகிவிட்ட பிரிண்டுகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கேவா கலரில் பதிவாகி லண்டனில் டெக்னிகலர் பிரிண்டாக உருப்பெற்ற 'வீரபாண்டிய கட்டபொம்மன்' போன்ற படத்தைச் செப்பனிடுகிறவர், வெளிறிப்போனதைக் கண்டு ஊகித்தே பழைய நிறத்தை மீட்க வேண்டியிருக்கிறது. அந்த ஊகம் இன்றைய நாகரிகத்தின் பக்கம் சாய்ந்துவிடுவது எளிது. கறுப்பில் நீலப்பச்சையும் தோலில் ஆரஞ்சும் கலந்த ஒரு சாயல், அரை நூற்றாண்டுக்கு முந்திய படத்தில் தென்பட்டால் அது காலத்துக்குப் பொருந்தாத ஒப்பனை என்று சந்தேகிக்கலாம்.

படைத்தவரே மாற்றினால் என் செய்வது? 'ஃபிரெஞ்ச் கனெக்ஷன்' படத்தின் 2009ஆம் ஆண்டுப் புளூ-ரேயில் இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கின் தாமே நிறத்தை வெளிறவைத்துப் புதியதொரு தோற்றம் கொடுத்தார். படத்தை ஒளிப்பதிவு செய்த ஓவன் ராய்ஸ்மன் அதை ஏற்க மறுத்துப் பகிரங்கமாகக் கண்டித்தார். 2012இல் பழைய நிறத்தை ஒட்டிய மறுபதிப்பு வந்தது. ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோ, தாம் எடுத்த 'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் அகலத்தையே இரண்டுக்கு ஒன்று என்று குறைத்து வட்டில் வெளியிடச் செய்தார். 2010இல் வந்த புளூ-ரேதான் முழு அகலத்தைத் திருப்பிக் கொடுத்தது. இத்தகைய வழக்குகளில், படம் முதன்முதலாகத் திரையரங்கில் எவ்வாறு காட்டப்பட்டதோ அதுவே பிரமாணம் என்று கொள்வதுதான் உத்தமம். படைப்பாளி பிற்காலத்தில் கொண்ட கருத்துக்கு இடமளிக்க விரும்பினால், இரண்டு உருவங்களையும் ஒரே பெட்டியில் கொடுப்பதற்கு எவ்விதத் தடையும் இல்லை.

நெருப்பில் மிஞ்சியவை

தரத்தை அளப்பவருக்குக் கண்டிப்பு வேண்டியதைப்போல, எங்கே கண்டிக்கலாகாது என்ற விவேகமும் வேண்டும். ராயின் அபு முப்படங்களின் மூல நெகடிவ்கள், செப்பனிடும்பொருட்டு லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்த சமயத்தில், 1993இல் அங்கிருந்த லாபரட்டரியில் மூண்ட தீயில் கருகின. மிஞ்சிய சுருள்களை எறியாமல் அமெரிக்காவின் ஆஸ்கர் அகாதமி தன் காப்பகத்தில் இருபது ஆண்டுகள் பாதுகாத்தது. அதன்பிறகு கிரைட்டீரியன் நிறுவனத்தின் முயற்சியால் அவை இத்தாலியிலுள்ள பொலோன்யா நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 'இம்மாஜினே ரித்ரொவாத்தா' என்ற செப்பனிடும் கூடத்தில், காய்ந்து முறுகிய ஃபிலிமை ரசாயனத்தில் நனைத்து இளகவைத்து, உருகி ஒட்டிய பிசினையும் மெழுகையும் கையாலேயே அகற்றி, துளைகளைத் தைத்து எடுத்ததில், 'பதேர் பாஞ்சாலி'யில் 40 சதவீதமும் 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகடிவிலிருந்தே மீண்டன. எஞ்சிய பகுதிகளையும், 'அபுர் சன்சார்' முழுவதையும் பிற்காலத் தலைமுறைப் பிரதிகளிலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது. 2015இல் வெளியான அந்தப் பதிப்பைப் பார்க்கையில், ஒரு காட்சி தெள்ளத்தெளிவாக நின்று அடுத்த காட்சியில் துகள் திடீரெனப் பருத்தால், அது பதிப்பாளரின் அசிரத்தை அன்று. நெகடிவ் முடிந்து நகல் தொடங்கும் எல்லைக்கோடு அது.

ஃபிரிட்ஸ் லாங்கின் 1927ஆம் ஆண்டு மௌனப் படமான 'மெட்ரொபொலிஸ்' இன்னும் கடுமையான உதாரணம். வெட்டுண்டு காணாமற்போனதாகக் கருதப்பட்ட சுமார் 25 நிமிஷப் பகுதி, 2008இல் பியூனஸ் அயர்ஸ் நகரத்துக் காட்சிச்சாலையில் ஒரு 16 மில்லிமீட்டர் நகலாகக் கிடைத்தது. அந்த நகலை எடுத்தபோதே மூலப் பிரிண்டின் கீறல்களும் சேர்ந்து பதிந்துவிட்டதால், எந்தக் கணினியாலும் அவற்றை முழுமையாக நீக்க இயலவில்லை. 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் கீறல் மழைக்கு நடுவே தோன்றும் அந்தப் பகுதிகளைக் கண்டு முகஞ்சுளிப்பவர், எண்பது ஆண்டுகளாக எவரும் காணாததைக் காண்கிறோம் என்பதை மறந்தவராவார்.

நமக்குச் சொந்தமான உதாரணமும் ஒன்று உண்டு. உதயசங்கர் இயக்கிய 'கல்பனா', சென்னையில் ஜெமினி ஸ்டூடியோவில் கே. ராம்நாத்தின் ஒளிப்பதிவில் உருவாகி 1948இல் வெளிவந்த நாட்டியச் சித்திரம். அதையும் பொலோன்யாவில் செப்பனிட்டு 2012இல் கான் விழாவில் காட்டினார்கள். 2022இல் அது புளூ-ரேயாகவும் வந்திருக்கிறது. சென்னையில் பிறந்த படத்தின் உயர்ந்த பிரதியைக் காண நாம் அயல்நாட்டு வட்டை நாட வேண்டியிருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் இருப்பதற்கில்லை.

பெட்டியின் பங்கு

வட்டைக் குறை கூறுமுன் பெட்டியையும் சோதித்துவிடுவது நீதி. கடையில் பத்துப் பெட்டிகளுக்கு நடுவே கண்ணைக் கவரும்படி, நிறமும் பிரகாசமும் உச்சத்தில் ஏற்றப்பட்ட அமைப்பு ஒன்று தொலைக்காட்சியில் உண்டு. அதை அப்படியே வீட்டில் ஓட்டினால் கறுப்பு வெள்ளைப் படம் நீலம் பூத்துத் தெரியும். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடையே இல்லாத சட்டங்களைத் தானே கற்பித்து நுழைக்கும் வசதி ஒன்றும் உண்டு; அது இயங்கினால் சிவாஜி கணேசனின் நடை தொலைக்காட்சித் தொடரின் நடையாகிவிடும். இவற்றை நிறுத்திவிட்டு, கூர்மையின் அளவைத் தாழ்த்தி, 'ஃபிலிம்மேக்கர்' என்றோ 'சினிமா' என்றோ பெயரிட்ட அமைப்பைத் தேர்ந்து, அறையின் விளக்கைக் குறைத்துவிட்டுப் பார்த்தால், மட்டமென்று ஒதுக்கிய சில வட்டுகள் நல்லவையாகவும், உயர்ந்தவையென்று கொண்டாடிய சில வட்டுகள் போலியாகவும் புலப்படும்.

அதன்பின் பரீட்சை எளிது. ஓர் அண்மைக்காட்சியில் படத்தை நிறுத்தித் தலைமுடி தனித்தனி இழையாக இருக்கிறதா என்று பாருங்கள். கன்னத்தில் தோலின் தன்மை இருக்கிறதா, மெழுகின் தன்மை இருக்கிறதா என்று கவனியுங்கள். படத்தை மீண்டும் ஓடவிட்டு, வானத்தையும் வெறும் சுவரையும் நோக்கி அங்கே துகள் உயிரோடு அசைகிறதா, உறைந்து நிற்கிறதா என்று காணுங்கள். இருண்ட மூலையில் பொருள்கள் தெரிகின்றனவா, விளிம்பில் வெள்ளைக் கோடு வருகிறதா, தலையும் காலும் சட்டத்துக்குள் இருக்கின்றனவா என்று நோக்குங்கள். இவற்றில் தேறிய பிரதியில் ஆங்காங்கே ஒரு கீறல் இருந்தால், அதைப் பொறுத்துக்கொள்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

படங்களின் உரிமையைக் கையில் வைத்திருப்பவர்களிடம் விண்ணப்பித்துக்கொள்ள வேண்டியது இரண்டே. நெகடிவோ மாஸ்டர் பாசிடிவோ உங்கள் வசம் எஞ்சியிருந்தால், சென்னையின் வெப்பத்திலும் ஈரத்திலும் அது புளித்துப் போவதற்கு முன்பே, 1964 முதல் புனேயில் இயங்கிவரும் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகத்திடமோ, குளிரூட்டிய அறையுள்ள வேறொரு காப்பகத்திடமோ ஒப்படையுங்கள். புதிய பதிப்பை வெளியிடும்போது, அது எந்தத் தலைமுறைப் பிரதியிலிருந்து எடுக்கப்பட்டது, எந்த விகிதத்தில் உள்ளது, எதையெல்லாம் மாற்றினோம் என்ற மூன்று விவரங்களையும் அட்டையிலே அச்சிடுங்கள். வாசகர்களும் 'டிஜிட்டலில் மெருகேற்றப்பட்டது' என்ற விளம்பர வாசகத்தோடு திருப்தியடைந்துவிடாமல், இந்த மூன்றையும் கேட்டு வாங்கும் பழக்கத்தை மேற்கொள்ள வேண்டும். கேட்பவர் இல்லாதவரை சொல்பவரும் இருக்கமாட்டார்.